ஒரு கிழட்டு நாயை யார் எடுப்பது?

திம்புள்ள, பத்தனை, கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்து உறவுகள் எல்லாருக்கும் இந்தப் பதிவு.

கொஞ்சம் நீளம்தான். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் வாசித்து முடிக்கலாம்.

நம் ஊர்க் குழுக்களில் "நாய்க்குட்டி இருக்கு, யாருக்கும் வேணுமா" என்று ஒருவர் போட்டால் அன்றைக்கே நாலு பேர் கேட்கிறார்கள். "ஆண் குட்டியா, பெட்டையா" என்பதுதான் முதல் கேள்வி. பெட்டைக் குட்டி கடைசியாகப் போகும், ஆனாலும் எப்படியோ போய்விடும். அதே இடத்தில் "பத்து வயது, ஒரு கண் தெரியாது, பின்னங்கால் இழுக்கும்" என்று போட்டுப் பாருங்கள். அழுகிற முகம் நாற்பது விழும். பத்துப் பேர் "ஐயோ பாவம்" என்று எழுதுவார்கள். ஒருவர் "எங்க இருக்கு" என்று கேட்பார். பதில் சொன்னதும் அவரையும் காணோம்.

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மருந்து, சாப்பாடு, சுத்தம், இரவுக் காவல் எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தின் தலையில் வைத்து "எடுங்கள்" என்று கேட்டால் யார்தான் எடுப்பார்கள்? எங்கள் கருத்து இதுதான்: முதிய, நோயுள்ள நாயை முழுசாக ஒருவரிடம் கொடுக்கப் பார்க்கிறோம், அதனால்தான் அதற்கு வீடு கிடைப்பதில்லை. வேலையைப் பிரித்துக் கேட்டால் நம் ஊரிலேயே இடம் கிடைக்கும்.

இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. இப்போது எங்கள் கையில் ஒரு நாய் இருக்கிறது. பெயர் மணி.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது யாருக்கும் மறக்காது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுதான் பெரிய அழிவைச் செய்தது. எங்கள் பாடசாலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் லயத்துக்குப் பின்பக்கம் நிலம் வெடித்ததால் ஆட்களை வெளியேற்றினார்கள். மணியின் குடும்பம் முதலில் முகாமுக்குப் போனது. பிறகு உறவுக்காரர் பக்கத்தில் ஒரு வாடகை அறை கிடைத்தது. அங்கே நாய் வைத்திருக்க முடியாது. ஐந்து பேர் ஓர் அறையில் படுக்கும்போது வேறென்ன செய்வது?

மணி ஆளில்லாத லயத்திலேயே கொஞ்ச நாள் கிடந்தது. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் சோறு போட்டார்கள். இப்போது பகலில் சந்தியிலுள்ள டீக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. கடைக்கார அக்காதான் பார்த்துக்கொள்கிறார். த்ரீவீல் ஓட்டுகிற தம்பி ஒருவர் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர் மருந்துக் காசைப் பார்க்கிறோம். இந்தப் பதிவில் "நாங்கள்" என்பது இந்த ஐந்து பேரும்தான்.

வைத்தியர் சொன்னதை ஒளிக்காமல் சொல்கிறோம். வயது பத்துக்கு மேல். இடது கண்ணில் புரை. பின்னங்கால் மூட்டுகளில் வாதம். காது மந்தம். விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று. கடிக்கிற சுபாவம் இல்லை, ஆனால் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டு உறுமும். இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருக்கலாம்.

இரவுதான் பிரச்சினை. நம் தேயிலை மலையில் சிறுத்தை இருக்கிறது. நாம் புலி என்று சொல்வது அதைத்தான். லயத்துப் பக்கம் அது இறங்கி வந்தால் முதலில் போவது நாய். ஓடக்கூடிய நாயே தப்புவதில்லை, கண் தெரியாமல் காலை இழுக்கிற நாய் எப்படித் தப்பும்? நாயைத் தேடி வருகிற சிறுத்தை பிள்ளைகள் நடமாடுகிற இடத்துக்கும் வரும். ஆகவே மணிக்கு இரவில் கதவு சாத்துகிற ஓர் இடம் வேண்டும். கடையில் அந்த வசதி இல்லை.

"ஏதாவது காப்பகத்தில் விட்டுவிடுங்களேன்" என்று பலர் சொன்னார்கள். தேடிப் பார்த்தோம். கண்டியில் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்கிற கக்பாவ் அமைப்பு இருக்கிறது. தெற்கே மிதிகமவில் அனிமல் எஸ்ஓஎஸ் நடத்துகிற பெரிய சரணாலயத்தில் ஊனமுற்ற நாய்களும் இருக்கின்றன. வடக்கே கிளிநொச்சி இயக்கச்சியில் ஆறு. திருமுருகன் ஐயாவின் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் வைத்திருக்கிறது. எல்லாம் நல்ல வேலை. ஆனால் நம் மலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். நாட்டில் உள்ள ஒவ்வொரு கிழட்டு நாயையும் லொறியில் ஏற்றி அந்த நாலைந்து இடத்துக்கு அனுப்பினால் அங்கிருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்விக்கு அண்மையில் இந்தியாவில் ஒரு பதில் கிடைத்தது. 2025 ஆகஸ்ட் 11ஆம் திகதி டில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தனை நாய்க்கும் இடம் எங்கே, ஆள் எங்கே, சாப்பாடு எங்கே என்று கேள்வி எழுந்தது. பதினொரு நாளில், ஆகஸ்ட் 22ஆம் திகதி, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுங்கள், விசர் பிடித்ததையும் ஆளைத் தாக்குவதையும் மட்டும் வெளியே விடாதீர்கள் என்றது. இந்தியாவின் தலைநகரத்துக்கே காப்பகம் கட்டி முடிக்க முடியாத விடயம் இது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு கதை இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வரை தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது வழக்கமாக இருந்தது. அந்த ஆண்டுதான் கொல்வதை நிறுத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் என்ற வழிக்கு அரசாங்கம் வந்தது. 1973இல் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்த நாடு இது. இன்று வருடத்துக்கு இரண்டு இலக்கத்தில்தான் இறக்கிறார்கள். தடுப்பூசிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரு விடயத்தை யாரும் யோசிக்கவில்லை. கொல்லாமல் விட்ட நாய்க்கு வயது போகும். வயது போன பிறகு அதை யார் பார்ப்பது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

சட்டத்தை நம்பியும் பயனில்லை. நாய்களைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் 1901ஆம் ஆண்டினது. மிருகவதைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது, வெள்ளைக்காரத் துரைமார் தோட்டம் நடத்திய காலத்தில் போட்டது. அதில் சொன்ன தண்டப்பணம் கூடியது 100 ரூபா. இன்று அந்தக் காசுக்கு என்ன வாங்கலாம் என்று உங்களுக்கே தெரியும்.

காப்பகமும் சட்டமும் இவ்வளவுதான் என்றால் மிச்சம் இருப்பது அக்கம்பக்கம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மட்வில் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஷெரி பிராங்க்ளின் என்ற பெண்மணி 2007இல் தொடங்கியது. ஏழு வயதுக்கு மேற்பட்ட நாய்களுக்கு மட்டும் அவர்கள் வீடு தேடுகிறார்கள். குணமாகாத நோயுள்ள நாய்களுக்கு அவர்களிடம் ஒரு தனி ஏற்பாடு உண்டு. நாய் கடைசிவரை ஒரு வீட்டில் இருக்கும், வைத்தியச் செலவை அமைப்பு பார்க்கும். அன்பும் இடமும் வீட்டுக்காரருடையது, மருந்துச் சிட்டை அமைப்புடையது. இப்படிப் பிரித்ததால்தான் யாரும் எடுக்காத நாயை எடுக்க ஆள் வந்தது.

அங்கே பெரிய அமைப்பும் பணமும் இருக்கிறது, இங்கே ஏது என்று கேட்பீர்கள். நம்மிடம் இருப்பது லயம். பக்கத்துக் காம்பராவில் யார் இருமினாலும் கேட்கும். ஒரு வீட்டில் சாவு என்றால் சமைப்பது பக்கத்து வீடு. மழையில் கூரைத் தகரம் பறந்தால் ஏணி பிடிக்க நாலு பேர் வருவார்கள். சீட்டுக் கட்டிக் கலியாணம் செய்து வைக்கிற சனம் நாம். கூட்டாகச் சுமக்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை. அதில் ஒரு நாயைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இனி எங்களிடம் நேராகவும் முதுகுக்குப் பின்னாலும் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்.

ஒன்று, "முஸ்லிம் ஆட்களுக்கு நாயோட என்ன வேலை?"

நாங்கள் ஆலிம்கள் இல்லை, தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. நம் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். அதன்படி நாயின் எச்சிலும் ஈரமும் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து. இது எங்களுக்கும் தெரியும், கடைப்பிடிக்கிறோம். காய்ந்த கை காய்ந்த உரோமத்தில் படுவதால் அசுத்தம் ஒட்டாது என்பதையும் அதே மத்ஹபில்தான் படித்தோம். வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது வேறு, பசித்த உயிருக்குச் சோறு வைப்பது வேறு. தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கிச் சப்பாத்தில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த மனிதருக்குப் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற செய்தி புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நாம் வெள்ளிக்கிழமை ஓதும் கஹ்ஃப் அத்தியாயத்தில் குகைத் தோழர்களோடு ஒரு நாயும் வருகிறது. அது குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. நாங்கள் மணிக்குக் கேட்பதும் ஒரு வாசல்தான். உங்கள் தொழுகை அறையை யாரும் கேட்கவில்லை. இடம் கொடுக்க முடியாதவர்கள் மருந்துக்குக் கொடுக்கலாம், த்ரீவீல் காசு கொடுக்கலாம். அதற்கு வுழூவும் முறியாது, ஈமானும் குறையாது.

நம் இந்துச் சகோதரர்களுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, வைரவர் பக்கத்தில் நிற்பதே நாய்தான். சிங்களச் சகோதரர்கள் விகாரையில் நாய்களுக்குச் சோறு போடுவதைத் தினமும் பார்க்கிறோம். ஆனால் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். வேண்டாத நாயைக் கோயில் வாசலிலோ விகாரை வாசலிலோ இருட்டில் இறக்கிவிட்டு வருவதைப் புண்ணியம் என்று நினைக்காதீர்கள். நம் பாரத்தைச் சொல்லாமல் பூசகர் தலையிலும் ஹாமதுரு தலையிலும் வைத்துவிட்டு வருகிறோம், அவ்வளவுதான் நடக்கிறது.

இரண்டாவது கேள்வி கனமானது. "மனுசருக்கே வீடில்லை, நாய்க்கு வீடு தேடுறீங்களா?"

நியாயமான கேள்வி. நாட்சம்பளம் 1,350 ரூபா ஆவதற்கே 2024 செப்டம்பர் வரை போராட வேண்டியிருந்த சனம் நாம். மண்சரிவில் வீடிழந்தவர்களுக்குக் காணியும் வீடும் கிடைக்க வேண்டும், அதுதான் முதல் வேலை. அதற்கு வருகிற காசில் ஒரு சதத்தையும் நாய்க்குக் கேட்கவில்லை. ஆனால் மணியின் பிரச்சினையை அந்தக் குடும்பத்தின் பிரச்சினையிலிருந்து பிரிக்க முடியவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் வாரம் ஒரு முறை டீக்கடைக்குப் போன் எடுத்து "மணி சாப்பிட்டானா" என்று கேட்கிறார். வீடு போயிற்று, தோட்டம் போயிற்று, முப்பது வருடம் பழகிய அயல் போயிற்று. அவருக்கென்று மேலே மிச்சம் இருப்பது இந்த ஓர் உயிர். அது பட்டினியில் செத்தது என்றோ புலி தூக்கியது என்றோ அவருக்குச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வந்தபோது, வளர்ப்பு மிருகங்களை முகாமுக்குள் எடுக்காததால் வீட்டை விட்டு வர மறுத்தவர்கள் நிறையப் பேர். அதில் உயிர்கள் போயின. அடுத்த வருடமே, 2006இல், அனர்த்தத்தின்போது வளர்ப்பு மிருகங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நமக்கு மண்சரிவு எச்சரிக்கை இனியும் வரும். "நாயை விட்டுட்டு எப்படி வாறது, மாட்டை விட்டுட்டு எப்படி வாறது" என்று நிற்கிற ஒரு தாத்தாவோ பாட்டியோ எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். முகாமுக்குப் பெயர் எழுதும்போது வீட்டில் என்ன மிருகம் இருக்கிறது, அது எங்கே போகும் என்றும் ஒரு வரி எழுதினால் அந்தத் தாத்தா பத்து நிமிடம் முன்னதாக இறங்கி வருவார். கிராம சேவகர்களும் தோட்ட நிர்வாகமும் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, மணிக்கு வருவோம். வேலையை இப்படிப் பிரித்திருக்கிறோம்.

இடம்: கூரையும் இரவில் சாத்துகிற கதவும் உள்ள ஒரு மூலை. பழைய ஆட்டுக் கொட்டில், விறகுக் கொட்டில், கராஜ் எதுவானாலும் சரி. கதவு போட வேண்டுமென்றால் பலகையும் ஆளும் நாங்கள் கொண்டுவருவோம்.

சாப்பாடு: நாளுக்கு இரண்டு வேளை. குழைந்த சோறும் முள் எடுத்த மீனும் போதும். சமைத்த கோழி எலும்பு வேண்டாம், அது உடைந்து குடலைக் குத்தும். வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு வீடு கிடைத்தால் யாருக்கும் பாரமில்லை.

மருந்தும் வைத்தியரும்: எங்கள் பொறுப்பு. பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவருக்கு வாரம் இரண்டு பிளேன்டீக் காசுதான் வரும். கணக்கை மாதக் கடைசியில் இங்கேயே போடுவோம்.

சுத்தம்: வயதான நாய் சில நாள் படுத்த இடத்திலேயே மூத்திரம் பெய்யும். அது குறும்பு இல்லை, முதுமை. அடிக்காதீர்கள். சாக்கு மாற்ற ஒருவர் ஒழுங்காக வந்தால் போதும். பழைய கொழுந்துச் சாக்கு இருந்தால் கொடுங்கள்.

எடுப்பவர் தெரிந்துகொள்ள இன்னும் சில விடயங்கள். கண் மங்கிய நாய் மூக்காலும் ஞாபகத்தாலும் நடக்கும், ஆகவே தண்ணீர்க் கோப்பையையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள். காது மந்தம் என்பதால் பின்னாலிருந்து தொடாதீர்கள், முன்னால் வாருங்கள், இல்லாவிட்டால் தரையில் காலைத் தட்டுங்கள், அதிர்வு தெரியும். நம் ஊர்க் குளிரில் சிமெந்துத் தரை மூட்டு வாதத்துக்கு எதிரி, பலகைக்கு மேல் சாக்குப் போடுங்கள். வலியில் முனகினாலும் நாம் போடுகிற பரசிட்டமோல், இபுபுரோஃபென் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மனிதருக்கு ஆறுதல் தருவது நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி போட்ட நாயென்று சும்மா இருக்க வேண்டாம்.

புது இடத்தில் முதல் மூன்று நாள் சாப்பிடாமல் ஒடுங்கிக் கிடக்கலாம். மூன்று வாரத்தில் உங்கள் நேரம் பழகும். தன் இடம் என்று நம்ப மூன்று மாதம் எடுக்கும். இது நாய்களை வளர்த்தெடுப்பவர்கள் உலகம் முழுக்கச் சொல்கிற கணக்கு. முதல் வாரத்தில் "இது சரிவராது" என்று முடிவெடுக்காதீர்கள்.

அப்படியும் முடியாமல் போனால் ரோட்டில் விட வேண்டாம், எங்களிடம் திருப்பித் தாருங்கள். எந்த நேரமும் எடுப்போம், ஏன் என்று கேட்க மாட்டோம். கடைசி நாள் வந்தாலும் வைத்தியரைக் கூட்டி வருவதும் புதைப்பதும் எங்கள் வேலை. அந்தக் குடும்பத்துக்குப் போன் எடுத்துச் சொல்வதும்தான்.

இது மணியோடு முடிகிற விடயமும் இல்லை. கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள், மண்சரிவில் எழும்பிப் போகிறவர்கள் என்று ஆள் குறைகிற ஒவ்வொரு லயத்திலும் ஒரு கிழட்டு நாய் மிஞ்சுகிறது. ஒன்றை ஒழுங்காகப் பார்த்துக் காட்டினால் அடுத்ததற்கு வழி தெரியும்.

கீழே "பாவம்" என்று எழுத வேண்டாம். இடம், சோறு, மருந்து, சாக்கு, த்ரீவீல் இந்த ஐந்தில் உங்களால் முடிந்த ஒரு சொல்லை மட்டும் எழுதுங்கள். கிழமையையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. மிச்சத்தை இன்பொக்ஸில் பேசிக்கொள்வோம். பத்தனைக்கும் கொட்டகலைக்கும் இடையில் கதவுள்ள கொட்டில் வைத்திருப்பவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவருக்கு இதைக் காட்டுங்கள்.